உடனே பேசுபவளும் யோசித்துப் பேசுபவரும்

எனக்கு ஒன்று மனதில் பட்டால் அப்போதே பேசியாக வேண்டும். என் கணவருக்கோ ஓர் இரவாவது அதை ஊறப்போட வேண்டும். தலை நரைத்த பிறகும் இருவர் சுபாவமும் அப்படியேதான் இருக்கிறது. இந்த வாழ்க்கை எங்களுக்கு மிகவும் பிடித்தும் இருக்கிறது. இப்படி அமைந்த தம்பதிகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், மௌனத்துக்கு நேரம் குறியுங்கள். "இப்போது வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனால், காத்திருப்பவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "இரவு ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நேரத்தைச் சொல்ல வேண்டியவர் அமைதியானவர்தான். ஒன்பது மணிக்குப் பேச்சை எடுக்க வேண்டியவரும் அவரேதான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எப்போதும் ஒருவரே பேச்சை எடுத்தால் அவருக்கு நச்சரிப்பவர் என்ற பெயர் வந்துவிடும். மற்றவர் இன்னும் ஒதுங்குவார். அதேபோல, ஒன்பது மணி வரை அந்த விஷயத்தைத் தொடாமல் இருப்பது படபடப்பானவரின் கடமை.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மேன், தம்பதிகள் வாதிடும்போது அவர்களுடைய இதயத்துடிப்பை அளந்து பார்த்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது மனதில் ஏறாது, உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். அந்த நேரத்தில் அடுத்த வாதத்தைத் தயார் செய்யாதீர்கள். நடந்துவிட்டு வாருங்கள், துணி மடியுங்கள்.

தம்பதிகளின் பிணக்குகளில் சுமார் 69 சதவீதம் முழுதாகத் தீராதவை என்பதும் அவர் கண்டதுதான். எனக்கு அது பெரிய ஆறுதல். தீராததைத் தீர்க்கப் போராடாமல், வேலையைச் சுபாவத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளலாம். குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் என்றால் முடிவு என்னுடையது. கடன் பத்திரத்தில் கையெழுத்து என்றால், அவர் படித்து முடிக்கும்வரை பேனாவைத் தொட மாட்டேன்.

விசேஷ வீடுகளுக்குப் போகும்போது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். நான் இன்னும் இருக்க விரும்பினால் அவர் முன்னதாக வீடு திரும்புவார். அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. உறவினர்கள் "உன் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லையே" என்று கேட்டால், சேர்ந்துகொண்டு சிரிக்காதீர்கள். "அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்" என்று அவர் காதுபடவே சொல்லுங்கள்.