பழைய டீசல் சொகுசு ஜீப் வாங்கப் போகிறீர்களா?

வண்டியின் பின்னால் இருக்கும் எழுத்தை வைத்து எஞ்சின் அளவை முடிவுசெய்யாதீர்கள். 2013இல் வந்த பிஎம்டபிள்யூ எக்ஸ்5 ரகத்தில் 25டி என்பது 2.5 லீற்றர் அல்ல, 1,995 சீசீ, நான்கு சிலிண்டர். 30டி என்பதோ 2,993 சீசீ, ஆறு சிலிண்டர். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் கொள்ளளவு இருக்கும், அதைப் பாருங்கள்.

வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு காலி வீதியில் ஊர்ந்து போய்வருவதுதான் வேலையென்றால் 2 லீற்றர் தாராளம். குடும்பத்தோடு அடிக்கடி நுவரெலியா ஏறுபவர்களுக்கு 3 லீற்றர்தான் சரி. 2 டன் வண்டியை மேட்டில் இழுக்கும்போது வித்தியாசம் தெரியும்.

ஆனால் அளவைவிட முக்கியமானது புகைவடிகட்டி, அதாவது டிபிஎஃப். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அதில் படியும் கரி எரியும். கொழும்பு நெரிசலுக்குள்ளேயே சுற்றிய வண்டியில் அது அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றப் போனால் செலவு கண்ணைக் கட்டும். சிலர் அதைக் கழற்றிவிட்டே விற்கிறார்கள், அதையும் கேளுங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போய், கரி அளவையும் எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே நீங்கள் ஸ்டார்ட் செய்யுங்கள், சூடான எஞ்சினில் சில கோளாறுகள் மறைந்துவிடும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், வாங்கியபின் சூப்பர் டீசலே அடியுங்கள். கந்தகம் கூடிய டீசல் இந்த வடிகட்டிக்கு ஆகாது.