வாட்டர் ஃபில்டர் வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, 'எது நல்ல மாடல்?' தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நானே முதலில் ஆர்ஓ மெஷினை (தண்ணீரை மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்குவது) மாட்டிவிட்டு, அப்புறம்தான் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை, அளந்தேன். லிட்டருக்கு 180 மில்லிகிராம்தான்! உப்பைக் குறைக்க அந்தத் தண்ணீருக்கு ஆர்ஓ தேவையே இல்லை.

படி 1: வீட்டிலேயே பார்க்க முடிந்ததைப் பாருங்கள்

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மண் படிகிறதா? பிடிக்கும்போது தெளிவாக இருந்தது போகப்போகச் செம்பழுப்பாகிறதா? அப்படியானால் பெரும்பாலும் இரும்புதான், காற்றுப் பட்டுத் துருவாகிறது.

அடுத்து டிடிஎஸ் மீட்டர். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சுவை நன்றாக இருக்கும், 1000ஐத் தாண்டினால் வாயில் வைக்கப் பிடிக்காது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் இந்த மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும்தான். அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. கிருமி இருந்தால் அதற்குத் தெரியாது. 50 என்று காட்டும் தண்ணீரிலும் காலராக் கிருமி இருக்கலாம்.

படி 2: ஆய்வகத்துக்குக் கொடுங்கள்

ஈ.கோலை (தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா), ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் இந்த நான்கையும் கேளுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மற்றவற்றுக்கு லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5, நைட்ரேட் 50, ஆர்செனிக் 0.01 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

முடிவு வரும்வரை தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். ஆர்செனிக்கும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

படி 3: குறைக்கு ஏற்ற ஃபில்டர்

கலங்கல் மட்டும் என்றால் செடிமென்ட் ஃபில்டர். குளோரின் வாடைக்குக் கார்பன்.

பாக்டீரியாதான் பிரச்சினை, உப்பு அளவோடு இருக்கிறது என்றால் யுஎஃப் (நுண்துளைகள் வழியே வடிகட்டும் ஃபில்டர்) போதும். அதன் துளைகள் 0.01 முதல் 0.1 மைக்ரான் வரை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஈ.கோலையின் பருமனே சுமார் அரை மைக்ரான், நுழையவே முடியாது. வைரஸ் இன்னும் சிறியது, துளை பெரிதாக இருந்தால் நழுவிவிடும். எனக்கு இதில் பிடித்தது, வாளியை உயரத்தில் வைத்துக் குழாய் இணைத்தாலே ஓடும் வகை உண்டு என்பது. மின்சாரமும் குழாய் இணைப்பும் இல்லாத இடங்களுக்கு இதுவே கைகொடுக்கிறது.

யுவி, அதாவது புற ஊதா ஒளி, பாக்டீரியாவையும் வைரஸையும் செயலிழக்கச் செய்யும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் இருந்தால் தூசியின் நிழலில் கிருமி தப்பிவிடும்.

உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் அதிகம் என்றால்தான் ஆர்ஓ. வீட்டு மெஷின்களில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாகப் போவது சாதாரணம். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம்.

படி 4: வரிசை

ஒன்றுக்கு மேல் மாட்டினால் இந்த வரிசையில்: செடிமென்ட், கார்பன், ஆர்ஓ, கடைசியில் யுவி. கார்பன் முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு: குளோரின் ஆர்ஓ சவ்வை அரித்துவிடும்.

படி 5: மாட்டிய பிறகு

முதல் டேங்க் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கார்ட்ரிட்ஜ் மாற்றிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். மாதம் ஒருமுறை உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் மீட்டரில் பாருங்கள். 900 உள்ளே போய் 90 வந்தால் சவ்வு 90 சதவீத உப்பைத் தடுக்கிறது. வெளியே வருவது மாதாமாதம் ஏறினால் சவ்வு தேய்கிறது.

சில மெஷின்களில் சுவைக்காக டிடிஎஸ் கூட்டும் திருகு இருக்கும். அது ஆர்ஓவுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிறது. சோதனையில் ஆர்செனிக்கோ ஃபுளோரைடோ வரம்பைத் தாண்டியிருந்தால் அந்தத் திருகை முழுக்க மூடியே வையுங்கள்.