அரசியல் குடும்பத்து வாரிசின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி?

நீலகிரியில் அரசியல் குடும்பம் ஒன்றில் பிறந்தவரின் வாழ்க்கையை விழா மலருக்கோ ஆய்வேட்டுக்கோ எழுத முற்படுபவர், பிறந்த தேதியை விட்டுவிட்டுத் தொகுதியிலிருந்து தொடங்குவது நல்லது. தந்தை நின்ற தொகுதிக்கும் மகன் நிற்கும் தொகுதிக்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம். எல்லையும் வாக்காளரும் ஒன்றாக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. 2008 தொகுதி மறுவரையறையில் நீலகிரி மக்களவைத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் ஆகிய பகுதிகளும் அதில் அடங்கின. கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் தனித் தொகுதியாயிற்று. ஆகவே, பட்டியல் சாதியில் சேராத நீலகிரி மலைச் சமூகமான படுகரின் பழைய அரசியல் குடும்பத்து இளைய தலைமுறைக்கு மலையில் எஞ்சியவை உதகையும் குன்னூரும் மட்டுமே. இதைக் குறிப்பிடாமல், பாட்டனார் டெல்லிவரை போனார், பேரன் போகவில்லை என்று எழுதுவது பேரனுக்கு இழைக்கும் அநியாயம். கொடைக்கானலைப் பற்றி எழுதுபவரும் இதைக் கவனிக்க வேண்டும். அம்மலை மக்களின் வாக்கு பழனி சட்டமன்றத் தொகுதியில் சேர்கிறது.

அடுத்து, குடும்பம் கொடுத்தது எது, அவரே ஈட்டியது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான். குன்னூர் அருகே இன்று உபதலை என்று எழுதப்படும் ஹுப்பதலையைச் சேர்ந்த படுகர் தலைவர் எச்.பி. ஆரி கவுடரை எடுத்துக்கொள்வோம். அவருடைய தலைப்பெழுத்துகளில் முதலாவது ஊரையும், அடுத்தது தந்தை பெள்ளி கவுடரையும் குறிக்கின்றன. மலை ரயில் பாதைப் பணியில் ஒப்பந்ததாரராக இருந்த தந்தையின் செல்வமும் செல்வாக்கும் மகனுக்குப் படிப்பையும் அறிமுகங்களையும் எளிதாக்கியிருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உருளைக்கிழங்கு விவசாயிகள் இடைத்தரகர்களிடம் சிக்காமல் விற்பதற்காக 1935இல் உருவான நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக்காக அவர் உழைத்த உழைப்பைத் தந்தையின் கணக்கில் எழுத முடியாது. எந்த வாரிசைப் பற்றி எழுதினாலும் இப்படி ஒரு செயலையாவது தேடிப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பது தெரியும்படியே எழுதுங்கள்.

நம் காலத்து அரசியல்வாதி என்றால் வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம் பெரிய உதவி. இன்றைய படிவம் 26, ஒவ்வொரு நிலத்துக்கும் கட்டடத்துக்கும் எதிரே அது பரம்பரைச் சொத்தா என்று கேட்கிறது. சுயமாக வாங்கியதென்றால் வாங்கிய தேதியையும் அன்றைய விலையையும் கேட்கிறது. அடுத்தடுத்த தேர்தல்களின் பத்திரங்களை அருகருகே வைத்து, ஒரே தேயிலைத் தோட்டம் எந்தெந்த ஆண்டில் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். குடும்பத்தார் நேர்காணலில் சொல்லாதது அங்கே தெரியும். ஆனால் அது அவரே தம்மைப் பற்றிச் சொன்னது. சொத்து மதிப்பை அப்படியே நம்பிவிட வேண்டாம். முந்தைய தலைமுறைக்கு இந்த வசதி இல்லை. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும் பழைய நாளிதழ்களும்தான் கதி.

ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பெரியவர்களிடம் கேட்கும்போது ஆண்டு சொல்ல மாட்டார்கள். "மண் சரிந்த வருஷம்" என்பார்கள். 1978, 1993, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளின் நவம்பரிலும் பெரும் மண்சரிவுகள் நேர்ந்திருப்பதால், எது என்று உடனே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள மரப்பாலத்துச் சரிவு என்றால் 1993. மலை அரசியல்வாதி எவருக்கும் பசுந்தேயிலை விலையே உண்மையான பரீட்சை. 1990களின் இறுதியில் விலை சரிந்தபோது அவர் மேடையில் என்ன முழங்கினார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அவையில் கேள்வி எழுப்பினாரா என்பதை நீங்கள்தான் தேட வேண்டும்.

சொந்த வாழ்க்கையில் எதை எழுதலாம்? திருமணம் இரண்டு அரசியல் குடும்பங்களை இணைத்ததா, உடன்பிறந்தாரோடு ஏற்பட்ட பிணக்கு கட்சிப் பிளவாக மாறியதா, நோய் பதவிக்காலத்தைக் குறைத்ததா என்பவை பொதுவாழ்வைத் தொடுவதால் எழுதத் தக்கவை. மற்றவை ஊர்ப் பேச்சு. பெண் அரசியல்வாதியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அவரை இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றே தொடங்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. 1962இல் நீலகிரியிலிருந்து மக்களவைக்குச் சென்ற அக்கம்மா தேவியை, படுகர் பெண்களில் முதல் பட்டதாரி என்று அவருடைய படிப்பைக் கொண்டே அறிமுகப்படுத்த முடிகிறதே, அதுபோல மற்றவர்களையும் செய்யலாம்.

தோற்ற தேர்தல்களைக் குடும்பம் பெரும்பாலும் விட்டுவிடும். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் வேட்பாளர் வாரியாக வாக்குகள் இருப்பதால் அவற்றைச் சேர்த்துவிடலாம். வரைவு முடிந்ததும் பெயர், தேதி, உறவுமுறை ஆகியவற்றை மட்டும் தனித்தாளில் எழுதிக் குடும்பத்தாரிடம் சரிபார்க்கக் கொடுங்கள். முழு வரைவையும் கொடுத்தால், தோல்விகள் இருக்கும் பக்கம்தான் முதலில் அடிபடும்.