மருத்துவப் பணியாளர் புள்ளிவிவரம்: படிப்பவரிடம் போய்க் கேட்பது எப்படி

மாவட்டத்தில் எத்தனை டாக்டர், எத்தனை செவிலியர், எத்தனை இடம் காலி என்று ஆண்டுதோறும் அட்டவணை வெளியாகிறது. அதை யார் படிக்கிறார்கள், படித்து என்ன செய்கிறார்கள் என்பது தயாரிப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் இது தெரியாமல் போட்ட அட்டவணை சரியான எண்களோடேயே தப்பான முடிவுக்குக் கொண்டுபோய் விடும்.

முதலில் அட்டவணையைப் படிப்பவர்களைக் கண்டுபிடியுங்கள். போன ஒரு வருடத்துத் தகவல் உரிமை மனுக்கள், ஊராட்சிகளிலிருந்து வந்த கடிதங்கள், நிருபர்களின் போன் விசாரணைகள் மூன்றையும் புரட்டினாலே பாதிப் பட்டியல் கிடைத்துவிடும். வட்டார மருத்துவ அலுவலர், பழங்குடியினர் நலத் தொண்டு நிறுவனங்கள், தேயிலைத் தொழிலாளர் சங்கங்கள், ஆராய்ச்சி மாணவர்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது பேர் போதும். ஆனால் எல்லோரும் ஊட்டிக்காரர்களாக இருந்துவிடக் கூடாது. பந்தலூரிலிருந்து இரண்டு பேராவது வேண்டும்.

காலம் பார்த்துப் போங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் மண் சரிவு. ஏப்ரல், மே சீசன் நெரிசலில் பாதி நாள் சாலையிலேயே கழியும். ஆக வசதியானது ஜனவரி, பிப்ரவரிதான். அகில இந்திய ஊரக சுகாதாரப் புள்ளிவிவரங்கள் மார்ச் 31 நிலவரப்படி எடுக்கப்படுவதால், அதற்கு முன்பே படிவத்தைத் திருத்த நேரமும் கிடைக்கும். ஆபீசுக்குக் கூப்பிடாதீர்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். ஒருவருக்கு 40 நிமிடம்.

‘அட்டவணை எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்குங்க’ என்றுதான் பதில் வரும். அதற்கு மேல் நகராது. ‘கடைசியா எப்ப இந்த எண்ணைப் பார்த்தீங்க? பார்த்துட்டு என்ன பண்ணீங்க?’ என்று கேளுங்கள். பிறகு அட்டவணையைப் பெரிய தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்து, ‘உங்க வட்டாரத்துல கிராம சுகாதார செவிலியர் எத்தனை பேர் குறைவு?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உதவிக்குப் போனால் சோதனை கெட்டது.

தடுமாற்றம் எங்கே வரும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு வட்டாரத்தின் ஊரக மக்கள்தொகை 42,000. துணை சுகாதார நிலையத்துக்கான அளவுகோல் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. நிலையத்துக்கு ஒரு செவிலியர் என்று வைத்தால் சமவெளிக் கணக்கில் 9 பேர் தேவை, மலைக் கணக்கில் 14. ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் 12, பணியில் 10 பேர். காலியிடம் (ஒப்பளித்ததில் நிரம்பாதது) 2, பற்றாக்குறை (மலைக் கணக்குத் தேவையில் குறைவது) 4. சமவெளி அளவுகோலைப் போட்டுவிட்டால் அதே 10 பேரில் ஒருவர் உபரி ஆகிவிடுவார்! எந்த அளவுகோல், எந்த ஆண்டு மக்கள்தொகை என்பதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் தலைப்பிலேயே போடுங்கள். 2011 கணக்கெடுப்பின் எண் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இன்னும் முடியவில்லை. அந்த 10 பேரில் ஒருவர் மாற்றுப்பணியில் வேறு ஊரில் இருக்கலாம், ஒருவர் பேறுகால விடுப்பில் இருக்கலாம். தமிழக அரசு ஊழியருக்கு அந்த விடுப்பு 12 மாதம். ஏட்டில் இடம் காலியில்லை, ஊரில் ஆள் இல்லை. படிப்பவர்கள் உண்மையில் தேடுவது அந்த 8 என்ற எண்ணைத்தான். ‘நேரில் பணியாற்றுவோர்’ என்று அட்டவணையில் தனி நெடுவரிசை ஒன்று சேர்த்தால் பாதிச் சண்டை தீரும். ஆனால் காரணத்தை நிலையவாரியாகப் போடாதீர்கள். ஒரே ஒருவர் வேலை பார்க்கும் நிலையத்தில் ‘பேறுகால விடுப்பு 1’ என்றால் அவர் யாரென்று ஊருக்கே தெரியும். காரணங்கள் வட்டார அளவில் மட்டும், அங்கேயும் ஒன்றிரண்டு பேர்தான் என்றால் மொத்தமாகவே போதும்.

சின்ன எண்களுக்குச் சதவீதமும் வேண்டாம். நாலு டாக்டரில் ஒருவர் மாறிப் போனால் ‘25 சதவீதம் காலி’ என்று தலைப்புச் செய்தி ஆகும். மொத்தப் பணியிடம் இருபதுக்குக் குறைந்தால் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். வட்டாரங்களைக் கூட்டும்போது ஓரிடத்து உபரியை இன்னோரிடத்துப் பற்றாக்குறையில் கழித்தீர்களா என்பதையும் எழுதிவிடுங்கள். மலையில் குன்னூர் உபரி சேரம்பாடிக்கு உதவாது.

கூட்டமாகப் பேசினால் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பந்தலூர் பக்கம் மலையாளம் பேசுபவர் ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது. பழங்குடிக் குடியிருப்புகளில் தாளை நீட்டாமல் எண்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கே போனாலும் பத்தாவது நிமிடத்தில் ‘எங்களுக்கு டாக்டர் எப்ப வருவாரு?’ என்று கேட்பார்கள். கேட்கத்தானே செய்வார்கள். வாக்குறுதி தராதீர்கள், மழுப்பவும் செய்யாதீர்கள். தனித்தாளில் எழுதி, எந்த அதிகாரிக்குப் போகும் என்று சொல்லி, அன்றே அனுப்பிவிடுங்கள்.

மூன்று வாரத்துக்குள் பேசிய எல்லோருக்கும் ஒரு பக்கம் அனுப்புங்கள்: அவர்கள் கேட்டது, நாம் செய்தது, செய்யாதது, ஏன். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வேலைதான். இது இல்லாவிட்டால் அடுத்த ஜனவரியில் யாரும் 40 நிமிடம் தரமாட்டார்கள். வெளியிட்ட எண்ணைப் பிறகு திருத்த நேர்ந்தால் பழைய எண், புதிய எண், திருத்திய தேதி மூன்றும் அட்டவணையிலேயே நிற்கட்டும்.