தானியங்கி வகையிடல்: சிமுலேஷன் நிரலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ் 1 ஆக இருந்தால் விடை 1, இல்லாவிட்டால் எக்ஸின் வர்க்கம். ஒரு நிரலில் இப்படி எழுதியிருந்தால் விடை எப்போதும் சரியாகத்தான் வரும். ஆனால் எக்ஸ் 1 ஆக இருக்கும்போது தானியங்கி வகையிடல் கருவியிடம் (நிரலின் ஓடும் வரிகளை ஒவ்வொன்றாக வகையிட்டு வகைக்கெழுவைக் கணக்கிடும் மென்பொருள்) வகைக்கெழுவைக் கேட்டால் 0 என்று சொல்லும். உண்மையில் அது 2. கருவியைக் குறை சொல்ல முடியாது. ஓடிய கிளையில் இருந்தது ஒரு மாறிலி. நம் மனதில் இருக்கும் சமன்பாடு கருவிக்குத் தெரியாது. ஓடிய வரிகள் மட்டுமே தெரியும். வடிவமைப்பு மென்பொருளில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வந்தவை.

அதில் மிக மோசமானது, சால்வரின் (சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கும் நிரல்) சுழற்சிக்குள்ளேயே வகையிடுவது. ஊகத்தைச் சுற்றுக்குச் சுற்று திருத்தும் நியூட்டன் முறையில் 4-இன் வர்க்கமூலம் கண்டுபிடிக்கிறோம், தொடக்க ஊகம் 3. இரண்டு சுற்று முடிந்ததும் விடை 2.0064, பிழை 0.3 சதவீதம். அதே இடத்தில், உள்ளீடான 4-ஐப் பொறுத்த வகைக்கெழு 0.2431, வர வேண்டியது 0.25. பிழை கிட்டத்தட்ட 3 சதவீதம்! விடை நெருங்கிவிட்டது என்று சுழற்சியை நிறுத்தினால் வகைக்கெழு பின்தங்கியே நிற்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. நேரம் மிச்சமாகட்டும் என்று முந்தைய ஓட்டத்தின் விடையான 2-ஐயே தொடக்க ஊகமாகக் கொடுத்தால், சுழற்சி ஒரு முறைகூட ஓடாது. வகைக்கெழு 0 என்று வரும். சிறந்த வடிவமைப்பைத் தேடும் ஆப்டிமைசரும் உச்சம் தொட்டுவிட்டதாக நினைத்து நின்றுவிடும். எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது.

இதற்கு வழி, சுழற்சியை அப்படியே விட்டுவிட்டு, விடை ஒருங்கிய பிறகு உட்படு சார்புத் தேற்றத்தைப் (விடை நிறைவேற்றும் சமன்பாட்டையே நேரடியாக வகையிடும் வழி) பயன்படுத்துவதுதான். அந்தப் புள்ளியில் ஜாக்கோபியன் அணியை (சமன்பாடுகளின் வகைக்கெழுக்கள் அடங்கிய அணி) வைத்து ஒரே ஒரு நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்தால் போதும். விடையிலிருந்து உள்ளீட்டை நோக்கிப் பின்னோக்கி வகையிடும் ரிவர்ஸ் மோடில் அந்த அணிக்குப் பதில் அதன் இடமாற்று அணி. நினைவகமும் மிச்சம்.

நினைவகக் கணக்கைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். இறக்கையின் வடிவத்துக்கு 100 மாறிகள், விடை இழுவிசை ஒன்றுதான் என்றால் ரிவர்ஸ் மோடுதான் சரி. உள்ளீட்டிலிருந்து முன்னோக்கி வகையிடும் ஃபார்வர்டு மோடில் 100 திசைகளுக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். ஆனால் ரிவர்ஸ் மோட் பின்னோக்கி நடக்க, முன்னால் நடந்ததெல்லாம் நினைவில் இருக்க வேண்டும். சிமுலேஷன் வலையில் 10 லட்சம் செல் (சிறு கட்டம்), செல்லுக்கு 5 மாறி, மாறிக்கு 8 பைட் என்றால் ஒரு நேரப்படிக்கு 40 எம்பி. 10,000 படிக்கு 400 ஜிபி, அதுவும் இடைக்கணக்குகளைச் சேர்க்காமல். சில படிகளை மட்டும் சேமித்து, நடுவில் உள்ளவற்றைத் திரும்பக் கணக்கிடும் செக்பாயின்ட் முறையை முதல் நாளே திட்டமிடுங்கள்.

அப்புறம் வர்க்கமூலம். சுவரை ஒட்டிய பாய்மத்தின் திசைவேகம் பூஜ்யம். அதன் அளவைக் கணக்கிடும்போது பூஜ்யத்தின் வர்க்கமூலம் வரும், அங்கே வகைக்கெழு முடிவிலி. முடிவிலியைப் பூஜ்யத்தால் பெருக்கினால் ‘நேன்’ (NaN, எண் அல்லாத விடை). ஜாக்ஸ் (JAX) என்ற தானியங்கி வகையிடல் நூலகத்தில் jnp.where நிபந்தனை போட்டு அந்தக் கிளையின் விடையை ஒதுக்கினாலும் கிரேடியன்டில் (வகைக்கெழுக்களின் தொகுப்பு) அது கசிந்து வரும். ஒதுக்க வேண்டியது விடையை இல்லை; வர்க்கமூலத்துக்குள் போகும் எண்ணையே முன்கூட்டி மாற்ற வேண்டும். ஜாக்ஸ் இயல்பாக 32 பிட்டில் கணக்கிடும் என்பதையும் மறக்காதீர்கள், 64 பிட்டை நாம்தான் இயக்க வேண்டும்.

பொருளின் பண்புகளை அட்டவணையில் இருந்து நேர்கோட்டு இடைச்செருகலில் எடுத்தால் வகைக்கெழு படிக்கட்டு மாதிரி தாவும். வழவழப்பான ஸ்ப்லைன் வளைவு போடுங்கள்.

கடைசியாகச் சரிபார்ப்பு. உள்ளீட்டைச் சிறு படி மாற்றி விடை எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் வேறுபாட்டு முறையோடு ஒப்பிட்டு, எண்கள் பொருந்தாவிட்டால் உடனே கருவியைச் சந்தேகிக்கிறார்கள். சால்வர் 10⁻⁶ வரைதான் ஒருங்கியிருக்கிறது, நீங்கள் 10⁻⁸ படி போடுகிறீர்கள் என்றால், வேறுபாட்டு முறையின் பிழையே 100 வரை போகலாம். முதலில் சால்வரை இறுக்குங்கள். பிறகு 10⁻³, 10⁻⁵, 10⁻⁷ என்று படியை மாற்றிப் பாருங்கள். நடுவில் எங்காவது எண் அசையாமல் நின்றால், அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.