மூட்டு வீக்கம், காலை விறைப்பு இருக்கிறவங்க வீட்டுல சாப்பாட்ட எப்படி மாத்துறது

எங்க அம்மாவுக்கு முடக்கு வாதம்னு தெரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. அப்ப காலைல பால் பாக்கெட்ட வெட்ட கத்திரிக்கோல் புடிக்கணும்னா விரல் மடங்காது, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல பாக்கெட்ட அமுக்கி வச்சுக்கிட்டு முனைய பல்லால கடிச்சு பிரிப்பாங்க, யாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே அத முடிச்சிருவாங்க, ஒரு நாள் நான் சீக்கிரம் முழிச்சதுனாலதான் பாத்தேன். அன்னைலேர்ந்து நாங்க செஞ்சு பாத்தது, படிச்சது, டாக்டர்கிட்ட கேட்டதுன்னு எல்லாத்தையும் சேர்த்து எழுதுறேன். முடக்கு வாதம் இல்லாம சுகர், கொழுப்பு கல்லீரல், தொப்பைன்னு இருந்து சிஆர்பி (உடம்புக்குள்ள அழற்சி இருக்கான்னு காட்டுற ரத்த அளவு) ஏறிக் கிடக்குறவங்களுக்கும் சாப்பாட்டு முறை கிட்டத்தட்ட இதேதான்.

கால்ல முள்ளு குத்துனா அந்த இடம் செவந்து வீங்கி சுடும்ல, அதுதான் அழற்சி. புண்ண ஆத்துறதுக்கு உடம்பு பண்ற வேலை அது, வேலை முடிஞ்சதும் தானா அடங்கணும். அடங்காம மாசக்கணக்குல, வருஷக்கணக்குல உள்ளயே கனிஞ்சுக்கிட்டு இருந்தா அதுதான் நாள்பட்ட அழற்சி. முடக்கு வாதத்துல உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டு சவ்வ எதிரின்னு நெனச்சு தாக்குது. தொப்பை இருக்கிறவங்களுக்கு வேற மாதிரி, வயித்துக்குள்ள குடல சுத்தி சேர்ற கொழுப்பு சும்மா கெடக்குறது இல்ல, ஐஎல்-6 மாதிரி அழற்சிய தூண்டுற பொருள சுரந்துக்கிட்டே இருக்கும், அது கல்லீரலுக்குப் போனா கல்லீரல் சிஆர்பிய அதிகமா தயாரிக்கும். அதனால ஒரு இன்ச் டேப் எடுத்து இடுப்ப அளந்து பாருங்க, நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு 90 செமீ, பொம்பளைங்களுக்கு 80 செமீக்கு மேல போனா அதையும் சேர்த்துதான் கவனிக்கணும்.

சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மாத்திரை விஷயம். தயவுசெஞ்சு மாத்திரைய நிறுத்திட்டு இதெல்லாம் ஆரம்பிக்காதீங்க. எங்க சொந்தத்துல ஒருத்தர் குடுத்த மூலிகைப் பொடிய நம்பி அம்மா மூணு மாசம் மாத்திரைய நிறுத்திட்டாங்க, எங்ககிட்ட சொல்லவே இல்ல, அந்த மூணு மாசத்துல வலது கைல ரெண்டு விரல் பக்கவாட்டுல சாஞ்சிருச்சு, அது இன்னைக்கு வரைக்கும் நேராகல. மூட்டு ஒரு தடவ அரிச்சிருச்சுன்னா எந்த கீரையும் எந்த மீனும் அத திருப்பிக் கொண்டு வராது. இன்னொன்னு, முடக்கு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்ங்கிற மருந்து குடுத்திருந்தா அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுற மாத்திரை, தெரியாம தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, எந்த கிழமைன்னு டப்பா மேலயே பெருசா எழுதி ஒட்டிருங்க.

அடுத்து அளவு பாக்க பழகணும். மாசம் முழுக்க சாப்பாட்ட மாத்திட்டு "கொஞ்சம் பரவால்ல மாதிரி இருக்கு"ன்னு சொன்னா ஒண்ணும் புரியாது. நாங்க தினசரி காலண்டர் தாள்லயே எழுதுனோம், எந்திரிச்ச நேரம், கைய முழுசா மூடி முஷ்டி புடிக்க முடிஞ்ச நேரம், ரெண்டுக்கும் நடுவுல எத்தன நிமிஷம்னு. ஆரம்பத்துல அம்மாவுக்கு 90 நிமிஷம், 100 நிமிஷம்னு ஓடும். ரத்தத்துல சிஆர்பி, அதே மாதிரி அழற்சிய காட்டுற இஎஸ்ஆர், ரெண்டும் டாக்டர் சொல்ற இடைவெளில பாத்தா போதும், ஆனா ரிப்போர்ட்ல சிஆர்பிக்கு அலகு என்னன்னு பாருங்க, சில லேப்ல லிட்டருக்கு மில்லிகிராம், சில லேப்ல டெசிலிட்டருக்கு மில்லிகிராம், ரெண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஒரு தடவ லேப் மாத்துனப்ப 8 இருந்தது 0.8 ஆயிருச்சுன்னு வீட்டுல எல்லாரும் சந்தோஷப்பட்டோம், அப்புறம்தான் தெரிஞ்சுது ரெண்டும் ஒரே அளவுன்னு. சளி, காய்ச்சல், பல் வலி இருக்கும்போது எடுத்தாலும் சிஆர்பி ஏறித்தான் காட்டும், சரியானப்புறம் எடுங்க.

இப்ப தட்டுக்கு வருவோம். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜின்னு மூட்டு வாத டாக்டர்களோட அமைப்பு 2022ல முடக்கு வாதக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி குடுத்துச்சு, அதுல எத்தனையோ டயட் இருக்க மத்திய தரைக்கடல் பக்கத்து சாப்பாட்டு முறைய மட்டும்தான் முயற்சி பண்ணலாம்னு சொல்லிருக்காங்க, அதையும் கட்டாயம்னு சொல்லல. காய்கறி, பருப்பு, முழு தானியம், கொட்டைகள், மீன் நெறைய, சர்க்கரையும் இறைச்சியும் கம்மி, இவ்வளவுதான் அது. ஆலிவ் ஆயில தேடி அலைய வேண்டாம், நம்ம சமையல்லயே அந்த அளவுகள கொண்டு வந்துரலாம். ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், என்ஐஎன்னு சொல்வாங்க, 2000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு தானியம் 250 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு முட்டை மீன் எல்லாம் சேர்த்து 85 கிராம், கொட்டை விதை 35 கிராம், எண்ணெய் 27 கிராம்னு கணக்கு குடுத்திருக்காங்க. இந்த 400 கிராம் காய் இருக்குல்ல, அதுலதான் நம்ம எல்லாரும் கோட்ட விடுறோம். நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல காய் வாங்கணும்! நாங்க அப்ப வாங்குனது அரைக் கிலோ.

அதனால மொத வாரம் ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணோம், மதிய சாப்பாட்டுல சோத்தையும் பொரியலையும் எடம் மாத்துனோம். சோறு போடுற கரண்டியால பொரியல், பொரியல் போடுற சின்ன கரண்டியால சோறு. கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா கரண்டி மாறுனாத்தான் கை தானா மாறும். மொத ரெண்டு நாள் அம்மாவுக்கு வயிறு ரொம்புன மாதிரியே இல்லன்னு சொன்னாங்க, அதுக்கு கூட்டுல பாசிப்பருப்பு இல்லன்னா தட்டப்பயறு சேர்த்ததும் சரியாச்சு. இது ஏன் உதவும்னா, நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போய் அங்க இருக்கிற நல்ல பாக்டீரியா அத புளிக்க வச்சு ப்யூட்டிரேட்னு ஒரு கொழுப்பு அமிலத்த உண்டாக்கும், குடல் சுவரு உறுதியா இருக்கவும் எதிர்ப்பு செல்லு அடங்கி இருக்கவும் அது வேணும். ஒரேயடியா கூட்டுனா வயிறு உப்பும், மெதுவா கூட்டுங்க.

மீன் சாப்பிடுறவங்களா இருந்தா நீங்க குடுத்து வச்சவங்க. சாளை, மத்தின்னு சொல்ற மீன், கானாங்கெளுத்தி, நெத்திலி இதெல்லாம் எண்ணெய்ச் சத்து உள்ள மீன், அழற்சிய கொறைக்க உதவுற ஒமேகா-3ங்கிற கொழுப்பு இருக்கு, வஞ்சிரத்த விட வெலையும் ரொம்ப கம்மி. வாரத்துல ரெண்டு நாள் போதும். ஆனா பொரிக்கக் கூடாது, பொரிச்சா அதோட எண்ணெய் கொஞ்சம் வெளிய போயி நம்ம ஊத்துன எண்ணெய் உள்ள வந்து உக்காந்துக்கும். எங்க வீட்டுல புளிய கம்மியா கரைச்சு, சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, ரெண்டு சில் தேங்காய் சேர்த்து அம்மியில அரைச்ச மாதிரி நைசா அரைச்சு, குழம்பு நல்லா கொதிச்சு பச்சை வாசம் போனப்புறம் கடைசில சாளைய போட்டு மூடி அஞ்சு ஆறு நிமிஷத்துல எறக்கிருவோம். கரண்டி விட்டுக் கிண்டக் கூடாது, சட்டிய துணியால புடிச்சு ஒரு சுத்து சுத்தி விடணும், இல்லன்னா மீன் ஒடஞ்சிரும். முடக்கு வாதத்துக்கு ஆராய்ச்சில குடுத்த ஒமேகா-3 அளவு ஒரு நாளைக்கு சுமார் 3 கிராம், வாரம் ரெண்டு நாள் மீன் சாப்பிட்டா அந்த அளவுக்கு வராது, அதனால பெரிய மாயம் எதிர்பாக்காதீங்க. மீன் எண்ணெய் மாத்திரை வேணும்னா டாக்டர கேட்டு எடுங்க, அதுவும் வேலை செய்ய மூணு மாசம் ஆகும். சைவக்காரங்க ஆளி விதைய வறுத்து இட்லிப் பொடில சேர்க்கலாம், வால்நட் சாப்பிடலாம், ஆனா அதுல இருக்கிற ஒமேகா-3 உடம்புல மீனோட வகையா மாறுறது கொஞ்சம்தான்.

எண்ணெய்க்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கு. ஆளுக்கு 27 கிராம்னா மாசம் கிட்டத்தட்ட 900 மிலி, நாலு பேருக்கு மூன்றரை லிட்டர். போன மாசம் எத்தன பாக்கெட் வாங்குனீங்கன்னு பில்ல பாருங்க, எங்க வீட்டுல ஆறு லிட்டர் போயிருந்துச்சு. கடலை எண்ணெயா நல்லெண்ணெயாங்கிற சண்டைய விட எவ்வளவு ஊத்துறோம், எத்தன தடவ காய்ச்சுறோங்கறதுதான் முக்கியம். வடை சுட்ட எண்ணெய்லயே மறுபடி அப்பளம் பொரிக்கிறத நிறுத்துங்க, வெளிய சாயங்காலம் வாங்குற பஜ்ஜி போண்டாவையும் வாரத்துக்கு ஒண்ணுன்னு கொறச்சிருங்க. டீ காபில சர்க்கரைய எண்ணிப் பாருங்க, நாலு டீ, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன்னா எட்டு ஸ்பூன், அதுவே 35 கிராம் பக்கம் வந்துரும், இதுல பிஸ்கட்ட சேர்க்கல. நாட்டுச் சர்க்கரை, பனங்கருப்பட்டின்னு மாத்துறதால பெருசா கொறஞ்சிராது, அளவதான் கொறைக்கணும். அம்மா பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ அரை ஸ்பூன் கொறச்சு மூணு மாசத்துல சர்க்கரை இல்லாம குடிக்கப் பழகிட்டாங்க.

மஞ்சள் பத்தி எல்லாரும் கேப்பீங்க. குழம்புல போடுறது ரொம்ப நல்லது, போடுங்க, ஆனா கணக்கு தெரிஞ்சுக்கோங்க. மஞ்சள் தூள்ல வேலை செய்யுற சத்தான குர்குமின் சுமாரா நூத்துக்கு மூணு பங்குதான், அரை ஸ்பூன் ஒன்றரை கிராம்னா அதுல 45 மில்லிகிராம், அத நாலு பேரு பிரிச்சு சாப்பிடுறோம். ஆராய்ச்சில குடுக்குறது பெரும்பாலும் ஒரு நாளைக்கு 500, 1000 மில்லிகிராம். அதுவும் உடம்புல சரியா சேராது, மிளகுல இருக்கிற பைப்பரின் கூட இருந்தா சேர்ற அளவு சுமார் 20 மடங்கு கூடுதுன்னு பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல 1998ல கண்டுபிடிச்சு எழுதுனாங்க. நம்ம பாட்டிங்க மஞ்சளையும் மிளகையும் ரசத்துல சேர்த்தே போட்டது பாருங்க, எனக்கு அத நெனச்சா இப்பவும் ஆச்சரியமா இருக்கு. ஆனா இதே காரணத்துக்காக மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரைய நீங்களா வாங்கிப் போடாதீங்க, அதனால கல்லீரல் பாதிச்சவங்க இருக்காங்க, மெத்தோட்ரெக்சேட் போடுறவங்களுக்கு கல்லீரல ஏற்கனவே கண்காணிச்சுட்டு இருப்பாங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் சிக்கல். முடக்கத்தான் கீரைய தோசை மாவுல அரைச்சு ஊத்துங்க, கீரையா நல்லதுதான், அத மருந்துன்னு நெனச்சு மாத்திரைய மட்டும் விட்றாதீங்க.

கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு வாய்வு, சாப்பிடவே கூடாதுன்னு பாக்குறவங்கல்லாம் சொல்வாங்க. எல்லாருக்கும் ஆகாதுன்னு சொல்ல நல்ல ஆதாரம் இல்ல. உங்களுக்கு சந்தேகம் இருந்தா ஒரு நேரத்துல ஒரே ஒரு காய மட்டும் மூணு வாரம் நிறுத்துங்க, காலண்டர்ல நிமிஷத்த எழுதுங்க, அப்புறம் திரும்ப சேர்த்து ஒரு வாரம் எழுதுங்க, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. எங்க அம்மா ரெண்டு வருஷம் கத்தரிக்காயத் தொடாம இருந்தாங்க, இந்த மாதிரி பாத்தப்ப ஒரு வித்தியாசமும் இல்ல, எண்ணெய்க் கத்தரிக்காய் அன்னைக்கு திரும்ப சாப்பிட்டப்ப அவங்க மொகத்த பாக்கணுமே.

சில பேரு மட்டும் இத அப்படியே எடுத்துக்கக் கூடாது. யூரிக் ஆசிட் கூடி வர்ற கௌட் இருந்தா சாளை, நெத்திலி ரெண்டுமே வலிய கூட்டும், உங்களுக்கு இந்த மீன் பகுதி பொருந்தாது. கிட்னி பிரச்சனை இருந்தா கீரை, பழம், எளநீர்ல பொட்டாசியம் இருக்கு, டாக்டர் சொன்ன அளவுதான். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்க கீரைய திடீர்னு கூட்டவோ கொறைக்கவோ கூடாது. ஸ்டீராய்டு ரொம்ப நாளா எடுக்குறவங்களுக்கு எலும்பு மெலியும், கேப்பைல 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் கால்சியம் இருக்கு, கேப்பைக் களி, கேப்பை தோசை, மோர் இதெல்லாம் சேர்த்துக்கோங்க. ரத்த சோகை இருந்தா சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீங்க, ஒரு மணி நேரமாவது விடுங்க, கீரையோட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்க.

நாலு மாசம் கழிச்சு அம்மாவோட காலண்டர்ல 90 நிமிஷம் 35, 40ன்னு எறங்கி இருந்துச்சு. அந்த நேரத்துல மாத்திரையும் மாத்திருந்தாங்க, எடையும் நாலு கிலோ கொறஞ்சிருந்துச்சு, எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. கல்யாண வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் கண்டபடி சாப்பிட்டு தூக்கமும் கெட்டா மறுநாள் நிமிஷம் கூடத்தான் செய்யுது. நாங்க அந்தத் தாளையெல்லாம் மாசவாரியா ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சு ஒவ்வொரு தடவையும் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போறோம், அவரும் ரிப்போர்ட்டுக்கு முன்னாடி அதத்தான் கேட்டு வாங்கிப் பாக்குறாரு.