பி.எஸ்சி. பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பது எப்படி: பணி அறிவிக்கையிலிருந்து தொடங்கும் ஒரு செய்முறை

பிளஸ் டூ முடிவு வந்தவுடன் எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதையே வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள்; எந்தப் பெயருள்ள பட்டம் கைக்கு வரும் என்பதை யாரும் பேசுவதில்லை. நானும் அப்படித்தான் சேர்ந்தேன். பல ஆண்டுகளுக்குப் பின், ஆசிரியர் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்பில், என் பட்டச் சான்றிதழில் முதன்மைப் பாடத்தின் பெயருக்கு முன்னால் இருந்த 'பயன்பாட்டு' என்ற சொல்லின் மேல் விரலை வைத்த அலுவலர், "இதற்கு இணைத்தன்மை அரசாணை வைத்திருக்கிறீர்களாம்மா?" என்று கேட்டார். வேறு பெயருள்ள பட்டத்தை வழக்கமான பட்டத்துக்கு இணையானதாக அரசு ஏற்கும் அப்படி ஓர் ஆவணம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த முறை பணி கிடைக்கவில்லை. அரசாணையைத் தேடிப் பிடித்த பிறகு, அடுத்த அறிவிக்கையில்தான் கிடைத்தது. அதன்பின் என் அக்கா மகளுக்குப் பாடப்பிரிவு தேடியபோது கடைப்பிடித்த முறையைக் கீழே தருகிறேன்.

முதல் படி: பிடித்த பாடம் எது என்பதோடு, செய்ய விரும்பும் வேலைகள் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் அட்டவணை போடுவதைவிட நாற்பது பக்க நோட்டு ஒன்றே இதற்குப் போதும்; பெற்றோரும் எடுத்துப் பார்க்க முடியும்.

இரண்டாம் படி: அந்த வேலைகளுக்குக் கடைசியாக வெளிவந்த அறிவிக்கையைத் தரவிறக்கி, 'கல்வித் தகுதி' என்ற பத்தியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். எடுத்துக்காட்டாக, யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வின் தகுதிப் பட்டியலில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியமைப்பியல் ஆகிய அறிவியல் பாடங்கள் பெயர் சொல்லித் தரப்பட்டுள்ளன. உயிரித்தொழில்நுட்பம் என்ற பெயர் அதில் இல்லை. இந்தியப் புள்ளியியல் பணிக்கு இளநிலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதுநிலையில் அதைப் படித்திருக்க வேண்டும். ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்புவோர், ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு வேதியியல், புவி அறிவியல், உயிர் அறிவியல், கணிதம், இயற்பியல் என்ற ஐந்து பிரிவுகளில் மட்டுமே நடப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படியில்தான் நான் தடுக்கி விழுந்தேன் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு கல்லூரியின் பாடத்திட்டத்தையும் தரவிறக்கி, முதல் சில பக்கங்களில் உள்ள பருவவாரி அட்டவணையைப் பாருங்கள். கல்லூரியின் கையேட்டை நம்பாதீர்கள்; அதில் வேலைவாய்ப்புகள் அழகாக எழுதப்பட்டிருக்கும், முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய துணைப்பாடங்கள் இருக்காது. ஒரே பி.எஸ்சி. வேதியியலுக்கு ஓரிடத்தில் கணிதமும் இயற்பியலும் துணைப்பாடங்களாக இருக்கும், இன்னோரிடத்தில் தாவரவியலோ விலங்கியலோ இருக்கும். ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வின் வேதியியல் தாளில் அடிப்படைக் கணிதமும் உண்டு. மூன்றாண்டுகள் கணிதத்தைத் தொடாத மாணவர் அங்கே திணறிப்போகிறார். அதேபோலக் கணிதப் பட்டத்துக்குச் சேர்பவர், துணைப்பாடமாகப் புள்ளியியல் தரும் கல்லூரியைத் தேடிப் பிடிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இதே படியில் அடுத்து, பட்டச் சான்றிதழில் அச்சாகப்போகும் பெயரைத் துறை அலுவலகத்திலேயே கேட்டு, எழுத்து மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியராக விரும்புபவர் இளநிலை, முதுநிலை இரண்டையும் ஒரே பாடத்திலோ இணையானதாக ஏற்கப்பட்ட பாடத்திலோ முடித்து, பி.எட்.டும் பெற்றிருக்க வேண்டும். வழக்கமான பெயரிலிருந்து ஒரு சொல் கூடினாலும், உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணை அந்தப் பட்டத்துக்கு, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு, வெளியாகியிருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள். வெளியாகியிருந்தால் அதன் எண்ணையும் நாளையும் நோட்டில் குறித்து, நகலை எடுத்து வையுங்கள். புதிய பெயருள்ள பட்டங்கள் தரம் குறைந்தவை என்று நான் சொல்லவில்லை. தனியார் ஆய்வகங்களில் அவற்றுக்கு நல்ல மதிப்பு உண்டு. அரசுப் பணியை மனத்தில் வைத்திருப்பவர்தான் இவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்.

நான்காம் படி விண்ணப்பம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அதோடு நின்றுவிடாமல், மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர் நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு, சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நுழைவுத்தேர்வுக்கான கடைசி நாள்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

பின்சேர்க்கை: தமிழ்வழி பி.எஸ்சி.யில் சேரலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அது திருத்தப்பட்டதால், பட்டப்படிப்பை மட்டும் தமிழ்வழியில் முடித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியிலேயே இருந்திருக்க வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்துவிட்டு, இந்த முன்னுரிமைக்காக மட்டும் கல்லூரியில் தமிழ்வழிக்கு மாறுவதில் பயனில்லை. தகுதி உடையவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே, தமிழ்வழியில் பயின்றதற்கான சான்றையும் முதல்வரின் கையொப்பத்துடன் கேட்டு வாங்கிவிடுங்கள்.